மூடிய கோப்பும் முறிந்த மனமும்

போரிலே காலை இழந்தவன் தன் இழப்பை நிரூபிக்க வேண்டியதில்லை. அவன் நடந்து வரும்போதே அது நிரூபணமாகிவிடுகிறது. மனம் முறிந்தவனின் நிலை அத்தகையதன்று. அவனிடம் காட்டுவதற்கு ஊன்றுகோலில்லை; எண்ணிப் பார்ப்பதற்குத் தழும்புகளில்லை. விடியற்காலையிற் படுக்கையை விட்டெழ மனமின்மை, மனைவி மக்களுடன் பேச நாவெழாமை, கிடைத்த வேலையிலே நிலைத்து நிற்க முடியாமை, உயிரே பாரமாகத் தோன்றுதல் ஆகிய இவையே அவனுடைய காயங்கள். இக்காயங்களுக்கு அரசாங்கம் கேட்பது கடதாசி. கடதாசி இல்லையெனில் காயமும் இல்லையென்பது அதன் தீர்ப்பு. அத்தீர்ப்பு எழுதப்பட்டுக் கோப்பும் மூடப்பட்டுவிட்டால், அதனை மீண்டும் திறப்பிப்பது எத்துணை அரிதான காரியம் என்பதையும், அது யாருடைய நன்மைக்காக அவ்வாறு அரிதாக்கப்பட்டுள்ளது என்பதையும், அமெரிக்க ஐக்கிய நாட்டு முன்னாள் படைவீரரின் விவகாரத்தை முன்வைத்து இங்கு ஆராய விரும்புகின்றோம்.

எமது நிலைப்பாட்டை முதலிலேயே ஒளிவுமறைவின்றிக் கூறிவிடுகின்றோம். படைச்சேவையினால் மனச்சோர்வு நோய்க்கு ஆளானவன் கேட்ட இயலாமை நட்டஈட்டை ஒருமுறை மறுத்த அரசு, பின்னர் அக்கோரிக்கையை மீண்டும் திறந்து பார்ப்பது கருணைச் செயலன்று. அது தீர்க்கப்படாத கடனொன்றைத் தீர்க்கும் செயல். நோயினால் ஏற்பட்ட தாமதத்தை நோயாளியின் குற்றமாக்கி, இடைப்பட்ட ஆண்டுகளுக்குரிய பணத்தை வெட்டிவிடுவதோ சட்டத்தின் பெயரால் நடைபெறும் அநீதி.

யாருடைய பிள்ளைகள்?

இவ்விடத்தில் நம் நண்பர்களுட் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். "வியட்னாமிலே குடிசைகளுக்குத் தீ வைத்தவனுக்கும், ஈராக்கிலே கதவை உடைத்து வீடு புகுந்தவனுக்கும் நட்டஈடு கிடைத்தாலென்ன, கிடைக்காவிட்டாலென்ன? ஏகாதிபத்தியத்தின் படைக்காக நாம் ஏன் கண்ணீர் வடிக்க வேண்டும்?" என அவர்கள் கேட்பர். கேள்வி நியாயமற்றதன்று. வியட்னாமிய விவசாயி தன் துயரத்தை எழுதிக் கொடுப்பதற்கு வொஷிங்டனில் ஒரு கந்தோரேனும் இல்லை. நச்சுத் தூவலாற் பாதிக்கப்பட்ட வியட்னாமியர் அமெரிக்க இரசாயனக் கம்பனிகளுக்கு எதிராகத் தொடுத்த வழக்கு 2005ஆம் ஆண்டில் நியூயோர்க்கிலுள்ள சமஷ்டி நீதிமன்றில் தள்ளுபடியாயிற்று. இதனை மறந்து, அமெரிக்க வீரனின் துயரத்தை மட்டும் பேசுவது அரை மனிதாபிமானமே ஆகும்.

ஆயினும், போரை விரும்பியவர்களும் போருக்குப் போனவர்களும் ஒரே வர்க்கத்தினர் அல்லர் என்பதை நாம் மறந்துவிடலாகாது. 1964ஆம் ஆண்டிற்கும் 1973ஆம் ஆண்டிற்கும் இடையில் ஏறத்தாழ 22 இலட்சம் இளைஞர் கட்டாயச் சேவைச் சட்டத்தின் கீழ்ப் படையிற் சேர்க்கப்பட்டனர். பல்கலைக்கழகத்திற் படித்துக்கொண்டிருந்தவனுக்குச் சேவையை ஒத்திவைக்கும் உரிமை அப்போரின் பெரும்பகுதியில் இருந்தது. பல்கலைக்கழக வாயிலை மிதிக்க வசதியற்ற தொழிலாளியின் மகனுக்கு, கறுப்பினத்தவன் மகனுக்கு, கமக்காரன் மகனுக்கு அவ்வுரிமை எங்ஙனம் கிடைக்கும்? கட்டாயச் சேவை 1973இல் ஒழிந்தது. ஆனால், கல்விச் செலவையும் வைத்திய வசதியையும் காட்டி ஆட்சேர்க்கும் முறை தொடர்கிறது. வறுமை கட்டாயப்படுத்துமிடத்துச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை.

இந்த வீரர்கள் ஆளும் வர்க்கத்தின் கண்ணில் எத்தகையோர் என்பதை 1932ஆம் ஆண்டு யூலை 28ஆந் திகதி காட்டிற்று. முதலாம் உலகப் போரில் ஈடுபட்டோர்க்கு வாக்களிக்கப்பட்ட கொடுப்பனவு 1945இலேயே கொடுபடும் என்று சட்டம் கூறிற்று. பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்து பட்டினி கிடந்தவர்கள் அதனை உடனே தருமாறு வேண்டி, பல்லாயிரக் கணக்கில் மனைவி மக்களுடன் தலைநகரிலே கூடாரமடித்துத் தங்கினர். அரசாங்கம் அளித்த பதில் யாது? தளபதி மக்ஆதரின் தலைமையில் குதிரைப்படையும் தாங்கிகளும் கண்ணீர்ப்புகையும் அவர்கள்மீது ஏவப்பட்டன, கூடாரங்கள் தீக்கிரையாயின. 1971 ஏப்பிரலில், வியட்னாமிலிருந்து திரும்பிய வீரர்கள் தம் பதக்கங்களை நாடாளுமன்றப் படிக்கட்டுகளை நோக்கி வீசியெறிந்தமையும் உலகறிந்த செய்தி. போரை நேரிற் கண்டு, அதன் பொய்மையை உணர்ந்து, அதற்கெதிராக எழுந்தவர்களும் இதே வீரர்களே. ஆகவே, இவர்களை வெறுங் கூலிகளென ஒதுக்கிவிடுவது புரட்சிகரச் சிந்தனையாகாது. அது வர்க்கப் பகுப்பாய்வைக் கைவிட்ட வெறுப்பே ஆகும்.

பெயர் மாறும் நோய்

போரினால் மனம் நோவுறும் என்னும் உண்மை நேற்றுக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. ஆனால், அதனை ஏற்றுக்கொள்ளும் ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும் திறைசேரியின் நிழல் வைத்தியனின் மேசைமீது விழுந்திருக்கிறது. 1915ஆம் ஆண்டில் சாள்ஸ் மையர்ஸ் என்னும் பிரித்தானிய உளவியலறிஞர் லான்செற் சஞ்சிகையிலே 'ஷெல் அதிர்ச்சி' பற்றி எழுதினார். நோய்க்குப் பெயர் வந்ததும் படைத்தலைமை அதனை இரண்டாகப் பிரித்தது. எதிரியின் ஷெல் வெடித்ததனால் நிலைகுலைந்தவன் காயமுற்றவன். அவனுக்குச் சட்டையிற் காயப்பட்டியும் ஓய்வூதிய உரிமையும் உண்டு. ஷெல் எதுவும் அருகில் வெடியாமலே நிலைகுலைந்தவன் நோயாளி, அவனுக்கு இரண்டுமில்லை. மாதக்கணக்காகப் பதுங்குகுழியிற் பிணங்களுடன் கிடந்து சித்தங் கலங்கியவனும், ஒரு குண்டின் ஓசையால் நிலைதடுமாறியவனும் ஒரே நோயின் வாய்ப்பட்டவர்களே. அவர்களைப் பிரித்தது வைத்தியமன்று, கணக்குப் புத்தகம். அப்போர்க் காலத்திற் படையை விட்டோடியமை, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட 306 பிரித்தானிய வீரருக்கு 2006ஆம் ஆண்டிலேதான் மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர்களுட் பலர் மனமுறிவுக்கு ஆளானோர் எனப் பின்னர் கருதப்பட்டது. செத்தவனின் கோப்பைத் திறப்பதற்குத் தொண்ணூறு ஆண்டுகள் சென்றன.

ஜேர்மனியின் கதையும் இதுவே. அங்கு ஒருசாரார் வைத்தியர், போர்நரம்புத் தளர்ச்சிக்குக் காரணம் போரன்று, ஓய்வூதியம் பெறும் ஆசையே எனச் சாதித்தனர். 1926ஆம் ஆண்டில் ஜேர்மன் தேசியக் காப்புறுதிக் கந்தோர் இத்தகைய நரம்புத் தளர்ச்சிக்கு நட்டஈடு கொடுக்க வேண்டியதில்லை எனத் தீர்ப்பளித்தது. கொடுத்தால் நோய் வளரும், கொடாவிட்டால் நோய் மாறும் என்பது அவர்களின் வாதம். பசித்தவனுக்குச் சோறிட்டாற் பசி வளருமென்னும் தருக்கத்திற்கும் இதற்கும் வேறுபாடு காண்பதரிது.

அமெரிக்காவில் நிலைமை மாறியதற்கு ஆட்சியாளரின் அருள் காரணமன்று. 1970ஆம் ஆண்டளவில் நியூயோர்க்கிலே போரெதிர்ப்பு வீரர்கள் தாமே கூடியிருந்து தம் கொடுங்கனவுகளையும் குற்றவுணர்ச்சியையும் பேசத் தொடங்கினர். றொபேர்ட் லிஃப்டன், சைம் ஷட்டன் ஆகிய உளமருத்துவர்கள் அவ்வட்டங்களில் அமர்ந்து செவிமடுத்தனர். அங்கு பிறந்த அறிவும் பத்தாண்டுப் போராட்டமும் சேர்ந்தே, 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கைந்நூலில், நாம் மனவடு நோயெனக் குறிக்கும் நோய்க்கு ஓரிடத்தைப் பெற்றுத் தந்தன. பாதிக்கப்பட்டோர் ஒன்றுகூடிப் பேசிய பின்னரே விஞ்ஞானம் கண் திறந்தது என்பதை நம் மாணவர் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

மூன்று கண்ணிகள்

இனி, இன்றைய நடைமுறைக்கு வருவோம். மனச்சோர்வுக்கு நட்டஈடு கேட்கும் ஒருவன் மூன்று சங்கதிகளை நிலைநாட்ட வேண்டும். தற்போது நோய் உளது. சேவைக் காலத்தில் அதற்கு ஏதுவான நிகழ்ச்சி அல்லது நோய் ஏற்பட்டது. இரண்டிற்கும் தொடர்பு உண்டு. சங்கிலியின் இம்மூன்று கண்ணிகளில் ஒன்று அறுந்தாலும் கோரிக்கை வீழ்ந்துவிடும். சான்றுகள் இருபக்கமும் சமனாக நிற்குமாயின் ஐயத்தின் பயனை வீரனுக்கே அளித்தல் வேண்டுமெனச் சட்டம் கூறுகின்றது. ஏட்டிலே இது தாராளமான சட்டமென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், தராசில் வைப்பதற்கு ஒரு கடதாசியேனும் இல்லாதவனுக்குச் சமநிலை ஏது?

முதலாவது கண்ணியைப் பிடிப்பது எளிது. இரண்டாவதும் மூன்றாவதுமே சிக்கலானவை. படையிலிருக்கும் இளைஞன் "எனக்கு மனஞ் சோர்கிறது" என்று வைத்தியரிடம் போவதில்லை. போனாற் கோழையெனப் பெயர் வரும். பதவி உயர்வு தடைப்படும். ஆதலின் சேவைக்கால வைத்தியப் பதிவேடு அவன் விடயத்தில் மௌனம் சாதிக்கிறது. பல ஆண்டுகள் கழித்து அம்மௌனமே அவனுக்கெதிரான சாட்சியாக நிறுத்தப்படுகிறது. "அக்காலத்தில் நீ எதுவும் முறையிடவில்லையே!" எனக் கோப்பு கூறுகின்றது. முறையிட முடியாத சூழலை ஆக்கியவர்கள், முறையிடாமையைக் காரணங் காட்டிக் கையை விரிக்கின்றனர்.

2010ஆம் ஆண்டில் இந்நிலை ஓரளவு தளர்ந்தது. எதிரியின் தாக்குதலுக்கு அஞ்சி வாழ்ந்ததனால் மனவடு நோய் ஏற்பட்டதென வீரன் கூறி, திணைக்கள உளமருத்துவரும் அதனை ஆமோதித்தால், நிகழ்ச்சியை நிரூபிக்க வேறு ஆவணம் வேண்டியதில்லை என்று விதி திருத்தப்பட்டது. நல்ல திருத்தமே. ஆனால், அது மனவடு நோய்க்கு மட்டுமே பொருந்தும். நேரடிச் சமரில் ஈடுபட்டவர்களுக்குப் பழைய சட்டமொன்றில் வேறொரு பாதுகாப்பு இருக்கிறது. சமரிற் கலந்துகொள்ளாது அதே அச்சத்துள் வாழ்ந்து, வைத்தியரால் 'மனச்சோர்வு' எனப் பெயரிடப்பட்ட நோயைக் கொண்டு திரும்பியவனோ இரண்டிற்கும் வெளியே நிற்கிறான். ஒரே முகாம், ஒரே அச்சம், ஒரே இரவு; வைத்தியரின் பேனா எழுதிய பெயர் வேறுபட்டால் உரிமையும் வேறுபடுகிறது.

இதனினும் கொடியதொன்று உளது. 2001 நவம்பருக்கும் 2007 யூனுக்கும் இடையில் ஏறத்தாழ 26,000 வீரர்கள் 'ஆளுமைக் கோளாறு' உடையவர்களென முத்திரையிடப்பட்டுப் படையிலிருந்து நீக்கப்பட்டனர் எனக் கொங்கிரசின் கணக்காய்வு நிறுவனமே 2008இல் வெளியிட்டது. அவர்களுள் ஏறத்தாழ 2,800 பேர் ஆப்கானிஸ்தான், ஈராக் போர்களுக்காக ஒருமுறையேனும் அனுப்பப்பட்டவர்கள். ஆளுமைக் கோளாறென்பது பிறவிக் குணம் போன்றது, சேவையினால் வந்ததன்று என்பது திணைக்கள விதி. ஆகவே அதற்கு நட்டஈடில்லை. ஆட்சேர்க்கும் நாளில் ஆரோக்கியமுள்ளவனெனச் சான்றளித்துத் துவக்கைக் கையிற் கொடுத்தவர்கள், அனுப்பிவிடும் நாளில் "நீ முன்னரே கோணலானவன்" என்கின்றனர்.

ஏற்பதும் மறுப்பதும் எத்துணை வேறுபாட்டை விளைவிக்கும் என்பதையும் பார்ப்போம். மனநோய்களின் இயலாமை 0, 10, 30, 50, 70, 100 வீதங்களாக வகுக்கப்பட்டுள்ளது. 2024ஆம் ஆண்டில், தங்கி வாழ்வோர் இல்லாத ஒருவனுக்கு 10 வீதத்திற்கு மாதம் 171 டொலரும் 100 வீதத்திற்கு 3,737 டொலரும் வழங்கப்பட்டன. வேலை செய்ய இயலாத ஒருவனுக்கு இது வீட்டு வாடகைக்கும் தெருவோரத்திற்கும் இடையிலான வேறுபாடு. 2021ஆம் ஆண்டில் மட்டும் 6,392 முன்னாள் படைவீரர் தற்கொலை செய்துகொண்டனரெனத் திணைக்களத்தின் சொந்த அறிக்கை கூறுகின்றது. இவர்கள் அனைவரும் கோரிக்கை மறுக்கப்பட்டோர் என்று நாம் கூறவில்லை. ஆனால், இத்தகைய நோயுடையவன்முன் கதவை அடைப்பது வெறும் நிருவாகச் செயலன்று என்று கூறுகின்றோம்.

திறக்க மறுக்கும் கதவு

மறுக்கப்பட்ட கோரிக்கையைத் திறப்பதற்கு நெடுங்காலமாகப் 'புதியதும் சாரமானதுமான சான்று' வேண்டப்பட்டது. 1991இல் நீதிமன்றமொன்று இதனை மேலும் இறுக்கி, முடிவையே மாற்றத்தக்க சான்றாக அது இருத்தல் வேண்டுமென்றது. 1998இல் மேல் நீதிமன்றம் அவ்விறுக்கத்தை நீக்கியது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பெப்ருவரியில் நடைமுறைக்கு வந்தபின், 'புதியதும் தொடர்புடையதுமான சான்று' போதும் என்றாயிற்று. சொல்லளவில் வாசல் அகன்றிருக்கிறது. நண்பனாயிருந்த சக வீரனின் வாக்குமூலம், மாற்றத்தை நேரிற் கண்ட மனைவி அல்லது சகோதரனின் கடிதம், நோய்க்கும் சேவைக்கும் தொடர்பு காட்டும் வைத்தியரின் அபிப்பிராயம் ஆகிய எதுவும் அவ்வாசலைத் திறக்கலாம். சேவையில் முறிந்த முதுகின் தீரா வலியே சோர்வுக்குக் காரணமாயின், அவ்வழியாலும் உரிமை கோரலாம். பழைய வைத்தியப் பதிவில் இல்லை என்ற ஒரே காரணத்தினால் உறவினர் சாட்சியத்தை ஒதுக்கலாகாதென 2006இலும், நோயின் சரியான பெயரை நோயாளி அறிந்திருக்க வேண்டியதில்லையென 2009இலும் நீதிமன்றங்கள் தீர்த்தன. இவை வீரர்கள் போராடிப் பெற்ற வெற்றிகள். அவற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

எனினும், வாசலுக்குப் போவதற்குரிய வழியை நோக்குவோம். புதிய சான்று வந்த பின்னரே வைத்தியப் பரிசோதனை செய்விக்கும் கடமை திணைக்களத்திற்கு எழுகிறது. ஆனால், மனச்சோர்வு விடயத்தில் அப்புதிய சான்று பெரும்பாலும் வைத்தியரின் அபிப்பிராயமே! பணமுள்ளவன் தன் செலவில் வைத்தியரைக் கண்டு அதனைப் பெறுவான். இல்லாதவன் சான்றில்லாமையாற் பரிசோதனையின்றியும், பரிசோதனையில்லாமையாற் சான்றின்றியும் வட்டமிடுவான்.

பழைய ஆவணம் தேடிப் போனாலோ, 1973 யூலை 12ஆந் திகதி செயின்ற் லூயிஸ் நகரிலுள்ள தேசிய ஆளணிப் பதிவு நிலையத்தில் மூண்ட தீயில் 160 முதல் 180 இலட்சம் வரையான கோப்புகள் எரிந்துபோயின. 1912 தொடக்கம் 1960 வரையில் விடுவிக்கப்பட்ட தரைப்படை வீரர்களின் பதிவுகளுள் ஏறத்தாழ 80 வீதம் அவற்றுள் அடக்கம். அரசின் காவலில் இருந்த கடதாசி அரசின் கட்டடத்தில் எரிந்தது. அத்தகைய விடயங்களிற் கூடுதற் கவனம் வேண்டுமென நீதிமன்றங் கூறினும், மாற்றுச் சான்று தேடி அலையும் பாரம் முதியவன் தலையிலேயே விழுந்தது.

இவையனைத்திற்கும் மேலாக நிற்பது ஓராண்டுக் கெடு. மறுப்பு வந்து ஓராண்டுக்குள் புதிய சான்றைச் சமர்ப்பித்தால் முதல் விண்ணப்பத் திகதி காக்கப்படும். ஓராண்டு கழிந்தபின் எத்தனை ஆண்டு சென்றும் கோரலாம். ஆனால், வெற்றி கிட்டினாலும் புதிய விண்ணப்பத் திகதியிலிருந்தே பணம். இங்குதான் விடயத்தின் உயிர்நாடி இருக்கிறது. மனச்சோர்வு யாது செய்யும் நோய்? எழுதும் ஊக்கத்தை அழிக்கும். கடித உறையைப் பிரிக்கும் துணிவை அழிக்கும். "நான் எதற்கும் தகுதியற்றவன்" என்னும் எண்ணத்தை உண்டாக்கும். "உன் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது" என்ற அரசாங்கக் கடிதத்தை அவன் உள்ளம் தன் பயனின்மைக்குச் சான்றாகவே வாசிக்கும். அத்தகையவனுக்குக் கெடு விதிப்பது, காலிழந்தவனுக்கு ஓட்டப் பந்தயம் வைத்து, தோற்றால் ஊன்றுகோலைப் பறிப்பது போன்றதாகும்.

இதனிடையே ஒரு வேடிக்கையையும் காண்க. முன்னரே இருந்தும் கோப்பிற் சேராது போன படைத்துறை ஆவணமொன்று பின்னர் அகப்பட்டு, அதனால் உரிமை நிலைநாட்டப்பட்டால், முதல் விண்ணப்பத் திகதிவரை பின்சென்று கணக்குப் பார்க்க விதி இடமளிக்கிறது. அஃதாவது, அரசு தொலைத்த கடதாசி கிடைத்தாற் பழைய திகதி. நோயாளி தொலைத்த தெளிவு மீண்டாற் புதிய திகதி. தன் மறதியை மன்னிக்கத் தெரிந்த அரசுக்குத் தன் வீரனின் நோயை மன்னிக்கத் தெரியவில்லை.

மூன்று தீர்ப்புகள்

நாம் கூறுவது கற்பனையன்று என்பதற்கு அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் மூன்று தீர்ப்புகளே போதும். இவை வேறு மனநோய்கள் பற்றியவையாயினும், தத்துவம் ஒன்றே.

டேவிட் ஹென்டர்சன் கொரியப் போர்க்கால வீரர். அவருடைய மனநோயினால் 100 வீத இயலாமை எனத் திணைக்களமே ஏற்றிருந்தது. மேலதிக உதவிக்கான கோரிக்கை மறுக்கப்பட்டபோது, மேன்முறையீட்டுக்குரிய 120 நாட் கெடுவை அவர் 15 நாட்களாற் தவறவிட்டார். தவறியதற்குக் காரணம் அந்நோயே என்றார். கெடு கெடுவே என்று கீழ் நீதிமன்றங்கள் கதவடைத்தன. 2011இல் உயர் நீதிமன்றம் அக்கெடு அத்துணை இரும்புத்தன்மை வாய்ந்ததன்று என வீரர் பக்கம் தீர்த்தது. ஆனால், ஹென்டர்சன் 2010இலேயே இறந்துவிட்டார்.

கெவின் ஜோர்ஜ் 1975இல் கடற்படைப் பிரிவொன்றிற் சேர்ந்தவர். சேர்க்கும்போது நடந்த பரிசோதனையில் மனநோய் எதுவும் குறிக்கப்படவில்லை. சேர்ந்த சில மாதங்களுள் நோய் வெளிப்பட்டு விடுவிக்கப்பட்டார். கோரிக்கை 1977இல் இறுதியாக மறுக்கப்பட்டது. நோய் முன்னரே இருந்ததெனக் காட்டினால் மட்டும் போதாது, சேவை அதனை மோசமாக்கவில்லை என்பதையும் அரசே தெளிவாக நிரூபிக்க வேண்டுமென்பது சட்டம். அக்காலத் திணைக்கள விதி அதனைப் புறக்கணித்திருந்தது. பின்னர் அவ்விதி சட்டவிரோதமெனக் கைவிடப்பட்டது. அவ்வாறாயின் அவ்விதியின்படி எழுதப்பட்ட தீர்ப்பும் தவறுதானே? 2022இல் உயர் நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையால் 'அன்று' என்றது: அன்றைய விதியை அன்று பின்பற்றியமையாற் பழைய முடிவைத் திறக்கவியலாது! சட்டத்தை மீறிய விதி மாண்டது; அது விளைவித்த அநீதி மட்டும் சிரஞ்சீவி.

அடொல்ஃபோ அரெல்லானோ 1977 முதல் 1981 வரை கடற்படையிற் சேவையாற்றினார். அவரிருந்த விமானந்தாங்கிக் கப்பல் இன்னொரு கப்பலுடன் மோதியபோது ஏற்பட்ட அதிர்ச்சி கடும் மனநோயாக முடிந்ததென்பது அவர் வழக்கு. ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழித்து விண்ணப்பித்தார். திணைக்களம் உரிமையை ஏற்றது. ஆனால், பணம் விண்ணப்பித்த நாளிலிருந்தே கொடுபட்டது. நட்டஈடு உண்டென அறியும் நிலையிலேயே அவர் இருக்கவில்லை, ஆகவே ஓராண்டுக் கெடுவைத் தளர்த்துக என வேண்டப்பட்டது. 2023 சனவரியில் நீதியரசர்கள் அனைவரும் ஒருமுகமாக மறுத்தனர். கொங்கிரஸ் எழுதிய விலக்குகளுக்கு மேல் நீதிமன்று விலக்களிக்க முடியாது என்பது காரணம். நோயின் கடுமை குறைவாயிருந்திருந்தால் அவர் நேரகாலத்தோடு விண்ணப்பித்து முழுத்தொகையும் பெற்றிருப்பார்; கடுமை மிகுந்தமையால் முப்பது ஆண்டுகளை இழந்தார். எவ்வளவுக்கு மோசமாகப் பாதிக்கப்படுகிறானோ அவ்வளவுக்குக் குறைவாகக் கொடு என்பதே இச்சட்டத்தின் உட்பொருள் எனின் அது மிகையாகாது.

எதிர்வாதங்களின் பெறுமதி

"எந்த வழக்கிற்கும் ஒரு முடிவு வேண்டாமா?" என்று கேட்பர். வேண்டும். ஆனால், அம்முடிவு இருதரப்பையும் கட்டுப்படுத்த வேண்டும். உரிமை ஏற்கப்பட்ட வீரனை மறுபரிசோதனைக்கு அழைத்து, முன்னேற்றம் கண்டதாகக் கூறி, வீதத்தைக் குறைக்கும் அதிகாரம் திணைக்களத்திற்கு இருக்கிறது. அவ்வீதம் 20 ஆண்டுகள் தொடர்ந்து நிலைத்த பின்னரே, மோசடி நீங்கலாக, அது குறைக்கப்படாதெனப் பாதுகாப்புக் கிடைக்கிறது. கொடுத்ததை மீளப் பார்க்க அரசுக்கு இத்தனை ஆண்டுகள். மறுத்ததை மீளப் பார்க்குமாறு கேட்டுப் பழைய திகதியைக் காத்துக்கொள்ள நோயாளிக்கு ஓராண்டு.

"மோசடி பெருகும்" என்பர். மோசடிக்காரனுக்குத் திகதி மறப்பதில்லை. படிவத்தை நேரத்தோடு நிரப்பி, வேண்டிய கையொப்பங்களைத் தேடிப் பிடிக்கும் வல்லமை அவனுக்குண்டு. கெடுவிற் தட்டுப்பட்டு வீழ்பவன் உண்மை நோயாளியே. மோசடியைத் தடுக்க இவ்வளவு அக்கறை கொண்ட அரசு, வீரனுக்குச் சட்ட உதவி கிடைப்பதைத் தடுப்பதிலும் அதே அக்கறை காட்டிற்று. உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1864இல், விதிக்கப்பட்ட சட்டமொன்று இத்தகைய கோரிக்கைகளில் சட்டத்தரணி பெறக்கூடிய ஊதியத்தைப் பத்து டொலராக மட்டுப்படுத்தியது. 1988 வரை அது நீக்கப்படவில்லை. திணைக்களத்தின் மறுப்பை நீதிமன்றில் எதிர்க்கும் உரிமையும் அவ்வாண்டுச் சட்டத்தின் மூலமே கிடைத்தது. வியட்னாமிலிருந்து திரும்பியவர்கள் முதல் விண்ணப்பங்களைச் சமர்ப்பித்த காலம் முழுவதும் அவர்களுக்குச் சட்டத்தரணியுமில்லை, நீதிமன்றமுமில்லை. இன்று திறக்குமாறு கேட்கப்படும் பழைய கோப்புகளுட் பல அக்காலத்தில் மூடப்பட்டவை என்பதை மறத்தலாகாது.

"பணத்திற்கு எங்கே போவது? முன்னாள் வீரர் திணைக்களத்திற்கு 2023ஆம் நிதியாண்டில் 30,000 கோடி டொலருக்கு மேல் ஒதுக்கப்பட்டதே!" என்பது மூன்றாவது வாதம். உண்மைதான். அதே ஆண்டுக்குரிய பாதுகாப்புச் சட்டம் 85,800 கோடி டொலருக்கு அனுமதியளித்தது என்பதும் உண்மை. குண்டின் விலை போர்ச் செலவென்றால், அக்குண்டின் ஓசையால் முறிந்த மனத்தின் விலையும் போர்ச் செலவே. அதனைக் கணக்கிற் சேர்க்காதவரையில் போர் மலிவாகத் தோன்றும். மலிவாகத் தோன்றும் போர் மீண்டும் வரும். நோயாளியின் கோப்பு மூடியிருப்பதனால் ஆளும் வர்க்கம் மிச்சப்படுத்துவது பணத்தை மட்டுமன்று, உண்மையையுமாம்.

நாம் வேண்டுவது

அனுதாப வார்த்தைகளும் வீரர் தின அணிவகுப்புகளும் போதுமானவையல்ல. கொங்கிரஸ் எழுதாத விலக்கை நாம் எழுதமாட்டோம் என்று நீதிமன்றம் கூறிவிட்டமையால், கொங்கிரஸ் அதனை எழுதுமாறு மக்கள் நிர்ப்பந்தித்தல் வேண்டும். நோயே தாமதத்திற்குக் காரணமென நிலைநாட்டப்படுமிடத்துக் கெடு ஓடலாகாது. முதல் விண்ணப்பத் திகதியே கணக்கிற் கொள்ளப்படல் வேண்டும். மனவடு நோய்க்கு 2010இல் அளிக்கப்பட்ட சான்றுச் சலுகை, அதே அச்சத்திற் பிறந்த மனச்சோர்வுக்கும் அளிக்கப்படல் வேண்டும். மறுக்கப்பட்டவன் மீண்டும் வந்து தட்டும்போது, அரசு தன் செலவில் வைத்தியப் பரிசோதனை செய்வித்த பின்னரே சான்று போதுமா எனத் தீர்மானித்தல் வேண்டும். 'ஆளுமைக் கோளாறு' எனப் போர்முனையிலிருந்து அனுப்பப்பட்டோரின் கோப்புகளை, அவர்கள் கேளாமலே, அரசு தானாகத் திறத்தல் வேண்டும். பதிவுகளும் வைத்தியர்களும் அரசிடமிருக்க, நினைவுகூரும் பாரம் மட்டும் நினைவு சிதைந்தவனிடம் இருப்பது எவ்வகையிலும் முறையன்று.

இவற்றை இலங்கையின் ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஏன் எழுதுகின்றோம்? கச்சேரி வாசலிற் கடதாசிக் கட்டுடன் காத்து நின்ற அனுபவம் நம் மக்களுக்குப் புதியதன்று. முப்பதாண்டுக் காலப் போர் 2009இல் ஓய்ந்த மண் இது. 'மனவடு' என்னும் சொல்லை யாழ்ப்பாணத்து உளமருத்துவர்கள் நூலறிவினால் மட்டும் வழக்கிற்குக் கொண்டுவரவில்லை. தம்முன் வந்து அமர்ந்த மக்களைக் கண்டே கொண்டுவந்தனர். எந்த மொழி பேசுவோனாயினும், எந்தச் சீருடை அணிந்தவனாயினும், எச்சீருடையும் அணியாது குண்டுக்கு அஞ்சி ஓடியவனாயினும், முறிந்த மனத்திடம் ஆதாரங் கேட்கும் அதிகாரத்தின் குரல் ஒன்றே. உலகின் மிகப் பெரிய செல்வந்த நாடு, தன் சொந்தப் படைவீரனிடமே இக்குரலிற் பேசுமாயின், படையற்ற ஏழையிடம் ஏனைய அரசுகள் எக்குரலிற் பேசும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

போர் வரலாற்றைக் கற்பிப்போர் அதனைச் சமாதான ஒப்பந்தத் திகதியுடன் முடித்துவிடுதல் வழக்கம். அவ்வழக்கம் மாற வேண்டும். தளபதிகளின் பெயர்களோடு ஓய்வூதியக் கந்தோரின் மறுப்புக் கடிதங்களும் வரலாறாகப் படிக்கப்படல் வேண்டும். மறுக்கப்பட்ட ஒவ்வொரு கோரிக்கையும் முடிவுறாத ஒரு போர். அதனை மீண்டும் திறக்குமாறு கேட்பவன் பிச்சை கேட்கவில்லை. போரைத் தொடங்கியவர்களிடம் கணக்குக் கேட்கின்றான். அக்கணக்குத் தீரும்வரை அவன் பக்கத்தில் நிற்பதே சமாதானத்தை விரும்பும் ஒவ்வொருவரதும் கடமையாகும்.